கல்லூரி பார்க்கப் போன ரொட்டி வண்டி

கடைத்தெரு வளைகிற இடத்தில், மருந்துக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு நிற்கிறது அந்தச் சலூன். உள்ளே இரண்டு சுழல் நாற்காலிகள். ஒன்றில்தான் ஆள் உட்காரலாம். இன்னொன்று சுழலுவதை மறந்து வெகுநாளாகிவிட்டது, அதில் பழைய செய்தித்தாள்கள் உட்கார்ந்திருக்கும். எதிரே சுவர் நீளத்துக்குக் கண்ணாடி, அதற்குக் கீழே பலகை, பலகையில் சீப்புகள், கத்தரிகள், பவுடர் டப்பா, சவரம் முடிந்ததும் கன்னத்தில் தேய்க்கிற படிகாரக் கல். காத்திருப்பவர்களுக்குப் பின்னால் ஒரு பெஞ்சு. இந்தக் கடைக்காரரைத் தெருவே 'சரிங்க' என்றுதான் கூப்பிடும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு, அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது.

நாற்காலியில் உட்கார்ந்தவர் எதைச் சொன்னாலும் அவர் 'சரிங்க' என்பார். இந்த வருடம் மழையே இருக்காது என்றால் சரிங்க. அடுத்து உட்காருகிறவர், பாருங்கள், கொட்டித் தீர்க்கப் போகிறது என்றால் அதற்கும் சரிங்க. இதை வைத்து அவரைக் கோழை என்றோ தலையாட்டி பொம்மை என்றோ யாராவது நினைத்தால், நினைக்கிறவருக்குத்தான் விவரம் போதாது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டே, "அப்படி இல்லைங்களே" என்று ஒரே ஒரு வார்த்தை எதிர்த்துச் சொன்னார். "எப்படி இல்ல?" என்று அந்த ஆள் வெடுக்கென்று தலையைத் திருப்பினார். கத்தி அப்போது காதோரம் இருந்தது. காது தப்பியது, காதுக்குக் கீழே தப்பவில்லை. அன்றோடு அவர் முடிவு செய்துவிட்டார். ஒத்துப் பேசினால் தலை அசையாது. தலை அசையாவிட்டால் ரத்தம் வராது. ஆக, 'சரிங்க' என்பது அவருக்குப் பணிவு அல்ல. சீப்பு, கத்தரி மாதிரி அதுவும் தொழில் சாமான்களில் ஒன்று.

கஷ்டம் என்னவென்றால், மற்றச் சாமான்களையெல்லாம் இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வருகிறவருக்கு, இதை மட்டும் கடையில் வைத்துவிட்டு வரத் தெரியவில்லை. வாயிலேயே தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்.

அவர் மனைவி மருத்துவமனையின் சலவைப் பிரிவில் இருந்தாள். அழுக்குப் போர்வை மூட்டைகளை வேனில் ஏற்றி ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குக் கொண்டுபோவாள், வெளுத்ததைத் திருப்பிக் கொண்டுவருவாள். வேனையும் அவளே ஓட்டுவாள். குறுகலான சந்தில் பின்பக்கமாக அந்த வேனைக் கொண்டுபோய்க் கதவருகே நிறுத்துவதைப் பார்த்தால், நூல் கோக்கிற மாதிரி இருக்கும். கணவர் எங்கேயாவது வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டு வந்தால், அதையும் வெளுத்துக் காயப்போடுகிறவள் அவள்தான்.

இவர்களுக்கு ஒரே மகள். பள்ளிக்கூடப் படிப்பின் கடைசிக் கட்டத்தில் இருந்தாள். அவளுக்குக் கல் பைத்தியம். சின்ன வயதில் ஒருநாள் கடைக்கு வந்தவள், பலகையில் இருந்த படிகாரக் கல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அப்பா, இது எங்கேர்ந்து வருது?"

"கடையிலேர்ந்து வருதும்மா."

"கடைக்கு எங்கேர்ந்து வருது?"

"அதைவிடப் பெரிய கடையிலேர்ந்து."

"பெரிய கடைக்கு?"

அவர் கத்தியை எடுத்துக்கொண்டார். நாற்காலியில் ஒருவர் முகமெல்லாம் சோப்பு நுரையோடு காத்திருந்தார். மகளுக்கு அந்தப் பதில் போதவில்லை. அன்று தொடங்கி, போகிற வழியில் கிடந்ததையெல்லாம் பொறுக்கி வந்து ஜன்னல் திட்டில் அடுக்கினாள். கல்லின் கனத்தில் ஜன்னலை மூட முடியாமல் போனது. இப்போது வளர்ந்துவிட்டாள், பாறையும் மண்ணும்தான் படிப்பேன் என்கிறாள்.

அந்தப் படிப்பு உள்ள கல்லூரிகள், போய்வரக்கூடிய தூரத்தில் மூன்று இருந்தன. ஒன்று ஆற்றங்கரையில். ஒன்று பெரிய நகரத்தின் நடுவில். மூன்றாவது, சாலை முடிந்து மலை ஆரம்பிக்கிற இடத்தில். மகள் மனதை வைத்தது இந்த மூன்றாவதில். அங்கே வகுப்பு பாதி நாள் மலைமேலேயே நடக்குமாம்.

அம்மா தடுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "நான் கண்ணால பார்க்காத இடத்துல உன்னைக் கொண்டுபோய் விடமாட்டேன். ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கா, துணி காயப்போட இடம் இருக்கா, எல்லாம் பார்க்கணும். அப்புறம்தான் மத்தது."

"அப்போ அடுத்த மாசம் ஒரு சனிக்கிழமை இருக்கு, அன்னைக்கே போகணும்மா" என்றாள் மகள். "மலையடிக் காலேஜ்ல வருஷத்துக்கு ஒரு நாள்தான் வெளியாளை உள்ள விடுவாங்க. மத்த நாள் போனா வாட்ச்மேனைத்தான் பார்க்கலாம்."

"வாட்ச்மேன் நல்லவரா இருந்தா அதுவும் பரவாயில்ல" என்றார் அப்பா.

இரண்டு பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டுத் திட்டம் போட உட்கார்ந்தார்கள். அப்பா இதற்கென்றே கடையிலிருந்து கொண்டுவந்த பையிலிருந்து சீப்புகளை எடுத்து ஒன்றன்பின் ஒன்றாக வைத்தார், அது சாலை. கத்தரி வைத்த இடம் ஆற்றங்கரைக் கல்லூரி. பவுடர் டப்பா வைத்த இடம் நகரத்துக் கல்லூரி. மேசையின் கடைசி ஓரத்தில் மகள் படிகாரக் கல்லை வைத்தாள். அது எதுவென்று யாரும் கேட்கவில்லை. வியாழக்கிழமை கிளம்புவது. அன்று கத்தரி, மறுநாள் பவுடர் டப்பா, சனிக்கிழமை காலை படிகாரம், அன்றே வீடு. ஞாயிற்றுக்கிழமை எக்காரணம் கொண்டும் கடை திறந்தாக வேண்டும். அன்று கடையை மூடினால் தெருவே தாடியோடு அலையும்.

பஸ்ஸில் போனால் மூன்றையும் பார்த்து முடிக்க முடியாது. "வண்டிக்கு என்ன பண்றது?" என்றாள் மனைவி.

"கடைக்கு வர்றவங்களைக் கேட்டுப் பார்க்கறேன்."

"கேளுங்க. ஆனா ஒருத்தரைக் கேளுங்க. ஒரே ஒருத்தரை."

"சரிங்க" என்றார், மனைவியிடமும்.

மறுநாள் முதலில் வந்தவர் ரொட்டிக்காரர். அடுத்த தெருவில் ரொட்டி அடுப்பு வைத்திருக்கிறார், தினமும் விடியும் முன்பே வேனை எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போடுகிறவர். சலூன்காரர் மெல்ல விஷயத்தை எடுத்தார்.

"அண்ணே, இதைக் கேட்கவா இப்படி இழுக்கறீங்க?" என்றார் ரொட்டிக்காரர். "அந்த வாரம் அடுப்பைப் பிரிச்சுக் கட்டறேன். ரொட்டியே கிடையாது. வண்டி சும்மாதான் நிக்கும். எடுத்துட்டுப் போங்க."

"சரிங்க" என்றார் இவர், மனம் நிறைந்து. அத்தோடு விட்டிருந்தால் கதையே இல்லை.

அன்று சாயங்காலம் மாடிக்காரர் சவரத்துக்கு வந்தார். கடை இருக்கிற கட்டடம் அவருடையது, மேல்தளத்தில் அவர் குடியிருக்கிறார். அரசாங்க அலுவலகம் ஒன்றில் பெரிய நாற்காலியில் இருந்து ஓய்வு பெற்றவர், நாற்காலி போனாலும் உட்காருகிற தோரணை போகாதவர். அவரிடம் ஒரு கார் உண்டு. வாரத்தில் ஆறு நாள் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கும்.

"கேள்விப்பட்டேன்" என்றார் கண்ணை மூடியபடியே. "பொண்ணைக் கூட்டிக்கிட்டு ஊர் ஊரா காலேஜ் பார்க்கப் போறியாமே. என் காரை எடுத்துட்டுப் போ. உன் பொண்டாட்டிதான் நல்லா ஓட்டுவாளே. போய் இறங்கறப்ப ஒரு மதிப்பா இருக்க வேண்டாமா?"

கத்தி தாடைக்கு அடியில் இருந்தது. "சரிங்க" என்றார் இவர்.

மருந்துக்கடைக்காரர் பக்கத்துச் சுவரிலிருந்தே காது கொடுத்துக் கேட்கிறவர். "காரா? அப்போ இடம் இருக்கும். எங்க மாமியாரை நகரத்துல அவங்க வீட்டுல இறக்கி விட்டுடேன். வந்து மாசக்கணக்கா ஆகுது, கிளம்பற வழியா காணோம்."

"சரிங்க."

வீட்டுக்கு வந்து சொன்னார். மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஒருத்தரைத்தானே கேட்கச் சொன்னேன்?"

"ஒருத்தரைத்தான் கேட்டேன். மத்தவங்க அவங்களா சொன்னாங்க."

"ரெண்டு வண்டியை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க? ஒரு காலை அதுல, ஒரு காலை இதுல வச்சுக்கிட்டுப் போவீங்களா?"

"ரொட்டிக்காரர்கிட்ட வேண்டாம்னு சொல்லிடறேன்."

"எப்போ?"

"நாளைக்கு."

மறுநாள் ரொட்டிக்காரர் வந்தார், முடி வெட்டிக்கொள்ள. கழுத்தில் துணியைக் கட்டிவிட்டு, பிடரியைச் சீராக்கும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தார். பிடரியில் கத்தி. அதற்கப்புறம் சொல்லலாம் என்றால் பெஞ்சில் ஆள். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். அடுத்த வாரமும் ரொட்டிக்காரருக்குப் பிடரி இருந்தது.

இதற்கிடையில் ஊருக்கே விஷயம் பரவி, நாற்காலியில் உட்கார்ந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அந்த வழியாகப் போகிறாயே, என் பையன் படித்த கல்லூரியைப் பார்க்காமல் வரலாமா என்றார் ஒருவர். ஆற்றங்கரைச் சாலை வேண்டாம், பள்ளம், தெற்கே சுற்றிப் போ என்றார் இன்னொருவர். வடக்கே என்றார் அவருக்கு அடுத்தவர். ராத்திரி என் தங்கை வீட்டில் தங்கு, தங்காவிட்டால் என் முகத்தில் முழிக்காதே என்றார் சைக்கிள் கடைக்காரர். எல்லாவற்றுக்கும் சரிங்க. ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்து மேசையில் ஒரு புதுச் சாமானை வைப்பார். சீப்புகள் தீர்ந்து கரண்டிகள் வந்தன, கரண்டிகள் தீர்ந்து வெங்காயம் வந்தது. ஒருநாள் சாப்பிடத் தட்டு வைக்க இடம் இல்லை.

மனைவி வெங்காயத்தை எடுத்து உரித்தாள், கரண்டிகளை எடுத்துக் குழம்பில் போட்டாள், சாலை பழையபடி நேரானது. ஓரத்தில் இருந்த படிகாரம் மட்டும் இந்தக் களேபரம் எதிலும் ஒரு விரற்கடை நகரவில்லை. மகள் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அதை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தட்டை இழுப்பாள்.

கிளம்ப வேண்டிய வாரம் வந்தது. திங்கட்கிழமை மாடிக்காரர் வந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒரு பெருமை.

"என் மச்சான் ஒரு காலேஜ்ல ஆபீஸ்ல பெரிய ஆளா இருக்கான், தெரியுமில்ல? வணிகம் சொல்லித் தர்ற காலேஜ். உன் பொண்ணுக்கு அதுதான் சரி. கல்லைப் படிச்சு என்ன பண்ணப் போறா, ரோடு போடப் போறாளா? மச்சான்கிட்டப் பேசிட்டேன். சனிக்கிழமை மத்தியானம் உங்களுக்கு அவன் வீட்டுல சாப்பாடு. என் கார் அங்க போய் நின்னா அவனுக்கும் சந்தோஷம்."

மச்சானின் கல்லூரி இருந்த திசை வேறு. படிகாரம் மேசையின் இந்த ஓரம் என்றால், மச்சான் அடுத்த அறையில் இருந்தார். சனிக்கிழமை அங்கே என்றால் மலையடி இல்லை. மலையடியை அம்மா பார்க்கவில்லை என்றால் மகளுக்கு அந்தக் கல்லூரியே இல்லை. இது சலூன்காரருக்குத் தெரியாமல் இல்லை. எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்தது. ஆனால் கத்தி மீசை ஓரத்தில் இருந்தது. இத்தனை வருடம் பழகிய வாய், அவரைக் கேட்காமலேயே "சரிங்க" என்றது.

வீட்டில் மென்று விழுங்கிச் சொல்லி முடித்தார். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் அழவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. எழுந்து மேசை ஓரத்துக்குப் போனாள். படிகாரக் கல்லை எடுத்துத் துடைத்து, அப்பாவின் பைக்குள் வைத்தாள்.

"கடையில வேணும்ல. எடுத்துட்டுப் போங்கப்பா" என்றாள்.

அவள் கதவைச் சாத்தியிருந்தால் பரவாயில்லை, இரண்டு வார்த்தை கத்தியிருந்தாலும் பரவாயில்லை. இது அவரை எங்கேயோ அறுத்தது.

"என்ன பண்ணலாம்?" என்றார் மனைவியிடம்.

"உங்க வாயிலேர்ந்து போனதை நீங்கதான் திரும்ப வாங்கணும். இதை நான் வெளுக்க மாட்டேன்."

"கார் போயிடும். கடை அவரோடது. அவர் மனசு வச்சாத்தான் நாம அங்க இருக்கோம்."

"தெரியும். தெரிஞ்சுதான் சொல்றேன்."

அடுத்த நாள் முழுக்க அவர் பழகினார். ஆள் இல்லாத நேரத்தில் கண்ணாடி முன்னால் நின்று, "இல்லைங்க" என்று சொல்லிப் பார்த்தார். முதல் தடவை அது இருமல் மாதிரி வந்தது. இரண்டாவது தடவை மன்னிப்பு மாதிரி வந்தது. தரையைப் பெருக்கிக்கொண்டே, கத்தரிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே சொல்லிப் பார்த்தார். மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"யாருகிட்டப் பேசறே?"

"கண்ணாடிகிட்ட."

"என்ன சொல்லுது?"

"அதுவும் சரிங்கன்னுதான் சொல்லுது."

புதன்கிழமை சாயங்காலம் மாடிக்காரர் இறங்கி வந்தார். சட்டைப் பையில் கார் சாவி தெரிந்தது. பெஞ்சில் ரொட்டிக்காரர் இருந்தார், பக்கத்தில் கதை கேட்க வந்த மருந்துக்கடைக்காரர். சலூன்காரர் துணியைப் போர்த்தினார், நுரை பூசினார், வலது கன்னத்தை வழித்து முடித்தார். இடது கன்னத்துக்குக் கத்தியைக் கொண்டுபோனபோது மாடிக்காரர் சொன்னார்.

"சாவியை இன்னைக்கே தந்துடறேன். சனிக்கிழமையை மறந்துடாதே. மச்சான் வீட்டுல தடபுடல் பண்றாங்களாம்."

"ச" என்று வாய் திறந்தது. அங்கேயே நின்றது. அவர் கத்தியை மடக்கினார். பலகையில் வைத்தார். இரண்டு அடி பின்னால் போய் நின்றார்.

மாடிக்காரர் கண்ணைத் திறந்து கண்ணாடியில் பார்த்தார். "என்ன, முடிஞ்சுதா?"

"பாதி முடிஞ்சுதுங்க. ஒரு விஷயம் சொல்லணும். நீங்க தலையைத் திருப்பிக்கலாம், கத்தியைக் கீழ வச்சுட்டேன்."

"என்னப்பா புதிர் போடறே?"

"சனிக்கிழமை உங்க மச்சான் வீட்டுக்கு வர முடியாதுங்க. மலையடிக் காலேஜ் அன்னைக்கு ஒரு நாள்தான் திறக்கும். என் பொண்ணு அதைப் பார்க்கணும்."

மாடிக்காரர் வெடுக்கென்று திரும்பினார். நாற்காலியும் சேர்ந்து திரும்பியது. ஒரு கன்னம் பளபளவென்று, மறு கன்னம் நுரையோடு, அந்த முகத்தைப் பார்த்து மருந்துக்கடைக்காரர் அவசரமாகச் செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டார்.

"முந்தாநாள் சரிங்கன்னியே?"

"சொன்னேங்க. நான் எல்லாத்துக்கும்தான் சொல்வேன். போன மாசம், ஊர்ல எல்லாருக்கும் வயசாகுது, எனக்கு மட்டும் ஆகலைன்னு சொன்னீங்க. அதுக்கும் சரிங்கன்னுதான் சொன்னேன்."

செய்தித்தாளுக்குப் பின்னால் ஏதோ உடைந்து சிதறுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

மாடிக்காரருக்கு எழுந்து போய்விட வேண்டும் என்றுதான் இருந்தது. கைப்பிடியை அழுத்தி எழப் பார்த்தார். கண்ணாடி அவருடைய முகத்தை அவருக்குக் காட்டியது. இந்த முகத்தோடு வெளியே போய், தெருவைச் சுற்றி மாடிப்படி ஏற வேண்டும். திரும்ப உட்கார்ந்தார்.

"அப்போ கார் கிடையாது" என்றார்.

"சரிங்க" என்றார் சலூன்காரர். எல்லா வருடமும் சேர்த்துப் பார்த்தாலும், இத்தனை மனப்பூர்வமாக அவர் அதைச் சொன்னதில்லை.

"மீதியை எடு."

மீதியை எடுத்தார். பெஞ்சிலிருந்து ரொட்டிக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அண்ணே, ஒண்ணும் புரியலையே. இவர் கார் எதுக்கு? என் வண்டியிலதானே போறீங்க?"

சலூன்காரர் கத்தியோடு அப்படியே நின்றார்.

"அன்னைக்கே சரிங்கன்னீங்களே" என்றார் ரொட்டிக்காரர். "நான் தட்டு அடுக்கற சட்டத்தையெல்லாம் கழட்டி, உள்ள கழுவிக் காயவச்சு, எண்ணெய் மாத்தி வச்சிருக்கேன். நாளைக்குக் காலையில வாசல்ல கொண்டுவந்து நிறுத்தலாம்னு இருந்தேன்."

வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் வாரக்கணக்கில் தள்ளிப்போட்டது, யாரோ பத்திரமாக எடுத்து வைத்தது போல இப்போது முன்னால் வந்து நின்றது. சலூன்காரர் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அதைச் சொன்னார்.

"சரிங்க."

மருந்துக்கடைக்காரர் செய்தித்தாளை இறக்கினார். "ரொட்டி வேன்ல முன்னால மூணு பேருக்குத்தானே இடம்? அப்போ எங்க மாமியார்?"

"பின்னால நல்லா இடம் இருக்கு" என்றார் ரொட்டிக்காரர். "ரொட்டி வச்சா எப்படி அசையாம இருக்குமோ, அப்படி இருப்பாங்க."

மருந்துக்கடைக்காரர் கண்ணை மூடி அதைக் கொஞ்சம் கற்பனை செய்து பார்த்தார். "வேண்டாம்ப்பா" என்றார். "நான் கொஞ்ச நாள் உயிரோட இருக்கணும்."

மாடிக்காரர் கன்னத்தில் படிகாரம் தேய்த்துக்கொண்டு, காசை வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் மாடி ஏறினார். சாவி அவர் பையிலேயே போனது.

வீட்டில் மகள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா பையைத் திறந்து படிகாரக் கல்லை எடுத்தார். பழைய இடத்தில், மேசையின் கடைசி ஓரத்தில் வைத்தார். மகள் கல்லைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"கடைக்கு வேண்டாமா?"

"இல்லைங்க" என்றார் அப்பா. மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மனைவி கேட்டது வேறு. "எந்த வண்டி?"

"ரொட்டி வண்டி."

"அப்பாடா" என்றாள். "அந்தக் காரை ஓட்டணும்னு நினைச்சாலே எனக்குத் தூக்கம் வரலை. கீறல் விழுந்தா நம்மளை வித்தாலும் போதாது. வேன்னா என் கைக்குப் பழக்கம்."

வியாழக்கிழமை காலையில் வேன் வாசலில் நின்றது. வெள்ளை வேன். பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு ஒரு பன் படம். அந்தப் பன்னுக்குக் கண்ணும் சிரிப்பும் உண்டு, கீழே 'சூடாக, மிருதுவாக' என்று எழுத்து. என்ன கழுவியும் உள்ளே ரொட்டி வாசனை போகவில்லை, யாருக்கும் அது போக வேண்டும் என்றும் இல்லை. போகிற வழியில் சலூனைத் தாண்டினார்கள். பூட்டிய கடைக்கு மேலே, மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மாடிக்காரர் நின்றார். வேன் மெதுவானது.

"டயர்ல காத்து பார்த்தியா?" என்று மேலிருந்து கேட்டார், கோபமாக.

"பார்த்தாச்சு சார்" என்றாள் ஓட்டுகிறவள்.

"இன்னொரு தடவை பாரு" என்றுவிட்டு உள்ளே போய்விட்டார். சலூன்காரர் மூச்சை விட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாக யார் வந்து உட்காருவார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஆற்றங்கரைக் கல்லூரியில் வாட்ச்மேன் இவர்களை எதுவும் கேட்கவில்லை. கையை ஆட்டி, கேன்டீனுக்குப் பின்னால் சரக்கு இறக்குகிற வாசலுக்கு அனுப்பிவிட்டார். சமையல்கட்டு வழியாகத்தான் கல்லூரிக்குள் போனார்கள். இதனால் மனைவிக்கு ஒரு நன்மை, முதலில் பார்க்க வேண்டியதை முதலிலேயே பார்த்துவிட்டாள். "பாத்திரம் சுத்தம். படிப்பு எப்படியோ" என்றாள். நகரத்துக் கல்லூரியில் கட்டடங்கள் பெரிது, மரங்கள் குறைவு. அங்கே ஒரு பேராசிரியர் ஓடிவந்து, நேற்றே வரவேண்டிய ரொட்டி எங்கே என்று கேட்டார். அப்பா "இல்லைங்க, நாங்க காலேஜ் பார்க்க வந்தோம்" என்றார். வார்த்தை இருமல் மாதிரி வரவில்லை. சாதாரணமாக வந்தது. அவரே ஆச்சரியப்பட்டுப் போனார்.

சனிக்கிழமை காலையில் சாலை முடிந்தது, மலை ஆரம்பித்தது. சாம்பல் நிறக் கற்களால் கட்டிய தாழ்ந்த கட்டடங்கள். வாசல் திறந்திருந்தது. இந்தத் தடவை முன்வாசல் வழியாகவே, பன் சிரிக்கச் சிரிக்க, உள்ளே போய் நின்றார்கள். மகள் கதவைத் திறந்து இறங்கினாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மா விடுதிப் பக்கம் போனாள், தாழ்ப்பாளைப் பார்க்க. அப்பா வண்டிக்குக் காவல்.

நின்ற இரண்டு நிமிஷத்தில் மாணவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். மலையேறி இறங்கி வந்திருந்தார்கள், முட்டியெல்லாம் மண், கையில் சுத்தியல், கண்ணில் பசி.

"அண்ணா, பன் இருக்கா?"

"இல்லைங்க."

"ரஸ்க்?"

"இல்லைங்க."

"நேத்து பன் இருந்தாலும் பரவாயில்லண்ணா."

"அதுவும் இல்லைங்க. அடுப்பைப் பிரிச்சுக் கட்டறாங்க."

ஒரு கூட்டம் போனால் இன்னொரு கூட்டம் வந்தது. அவர் வேனின் படியில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவருக்கும் சிரித்த முகமாகச் சொன்னார். யாரும் தலையைத் திருப்பவில்லை, யாருக்கும் ரத்தம் வரவில்லை. பசியோடு சிரித்துவிட்டுப் போனார்கள். அதில் ஒருவனுடைய தலையை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்படி ஒரு கோணல் வெட்டு. அருகில் சலூன் கிடையாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினாள்.

"தாழ்ப்பாள் இரும்பு. நல்ல கனம்" என்றாள். "துணி காயப்போட மொட்டை மாடி இருக்கு, வெயில் நாள் முழுக்க விழும். கொடிக்கயிறு தொய்ஞ்சிருக்கு. இழுத்துக் கட்டச் சொல்லிட்டு வந்தேன்."

"அப்போ?"

"அப்போ என்ன அப்போ. வெளுத்தாச்சு" என்றாள்.

வெகுநேரம் கழித்து மகள் வந்தாள். ஓட்டமும் நடையுமாக வந்தாள், முட்டியில் அதற்குள் மண் ஒட்டியிருந்தது.

"அப்பா, உள்ள ஒரு ரூம் முழுக்கக் கல்லு. கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்க. அதுல படிகாரம் இருக்குப்பா. மண்ணுக்குள்ளயே கிடைக்குமாம். நீங்க கடையிலேர்ந்து வருதுன்னு சொன்னீங்க."

அப்பா தலையை நிமிர்த்தி, கட்டடங்களுக்குப் பின்னால் அடுக்கடுக்காக ஏறிப்போகிற மலையைக் காட்டினார்.

"பெரிய கடையிலேர்ந்து வருதுன்னும் சொன்னேன்ல. அதுதான் இது."

வண்டியின் மறுபக்கம், சிரிக்கிற பன்னின் மேல் யாரோ தட்டினார்கள். "அண்ணா, பன் இருக்கா?"

இந்தத் தடவை மூன்று பேரும் சேர்ந்து சொன்னார்கள். "இல்லைங்க."